பூச்சி பிடிக்கும் குட்டிச் செடி! வீட்டில் வளர்ப்போமா?



ஆடு தழையைத் தின்னும். வெட்டுக்கிளி இலையைத் தின்னும். கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக வந்தால் முருங்கை மரத்தையே மொட்டை அடித்துவிடும். இதெல்லாம் நீங்கள் தினமும் பார்ப்பதுதான். ஆனால், ஒரு செடி பூச்சியைப் பிடித்துத் தின்றால்?

அப்படி ஒரு செடி இருக்கிறது. அறிவியல் பாடப் புத்தகத்தில் அதன் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இலையின் நுனியில் குட்டிக் கூஜா ஒன்று தொங்கும். கூஜாவுக்கு மேலே குடை பிடித்தாற்போல ஒரு மூடி இருக்கும். அதுதான் குடுவைச் செடி. தாவரவியலில் இதன் பெயர் நெப்பந்தஸ்.

முன்பெல்லாம் இதைப் பார்க்க வேண்டுமானால் பெரிய தாவரவியல் பூங்காவுக்குத்தான் போக வேண்டும். இப்போது நகரத்து நர்சரிகளில் உள்ளங்கை அளவுக் குட்டிச் செடிகளாகவே விற்கிறார்கள். பிறந்த நாள் பரிசாகக்கூட வாங்கித் தருகிறார்கள். ஆனால், பல வீடுகளில் அது இரண்டு, மூன்று மாதங்களில் காய்ந்துபோய்விடுகிறது. கவனிக்காமல் விட்டதால் அல்ல, அளவுக்கு மீறிக் கவனித்ததால்! உரம் போட்டு, சோறு ஊட்டி, குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றியே அதைக் கொன்றுவிடுகிறோம்.

ரோஜாவுக்கும் துளசிக்கும் நல்லது செய்கிறவை இந்தச் செடிக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று தெரிந்துகொண்டால், இதை வளர்ப்பது மிகவும் எளிது. வாருங்கள், முதலில் செடியைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

குடுவை என்பது பூவா, காயா?

இரண்டும் இல்லை. அது இலையின் ஒரு பகுதி.

குடுவைச் செடியின் இலை நுனி, நூல் போல நீண்டு வளரும். அந்த நூலின் முனை முதலில் மிளகு அளவுக்குத் தடிக்கும். பிறகு மெல்ல மெல்ல வீங்கி, மேல்நோக்கி வளைந்து, குட்டிக் குடுவையாக மாறும். அதுவரை அதன் மூடி இறுக ஒட்டியே இருக்கும். உள்ளே செடியே சுரந்த திரவம் நிரம்பியிருக்கும். குடுவை முழுதாக வளர்ந்ததும் மூடி திறக்கும்.

ஒரு விஷயத்தை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த மூடி மறுபடியும் மூடாது. பூச்சி உள்ளே விழுந்தவுடன் மூடி 'டப்' என்று மூடிக்கொள்ளும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது தவறு. மூடியின் முக்கியமான வேலை, மழை நீர் உள்ளே கொட்டித் திரவம் நீர்த்துப் போகாமல் பார்த்துக்கொள்வது. மூடியின் அடிப்பக்கத்தில் தேன் சுரக்கும். அது பூச்சிகளுக்கு அழைப்பிதழ்!

விதையிலிருந்து முளைக்கும் குடுவைச் செடி ஓர் அதிசயம். இதன் விதை தலைமுடி போல மெல்லியது, காற்றில் பறந்து போகும். முளைத்தவுடன் இரண்டு வித்திலைகள் வரும். அவற்றை அடுத்து வரும் முதல் இலையிலேயே கடுகளவு குடுவை ஒன்று இருக்கும். பிறந்த உடனேயே வேட்டைக்குத் தயார்!

பூச்சி எதற்கு?

எல்லாப் பச்சைச் செடிகளையும் போலவே, குடுவைச் செடியும் சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அப்படியானால் பூச்சி எதற்கு என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி.

செடி வளர நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளும் வேண்டும். நம் வயலில் இருக்கும் பயிர்கள் அவற்றை மண்ணிலிருந்து வேர் மூலம் எடுத்துக்கொள்கின்றன. குடுவைச் செடி வாழும் இடங்களில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். சத்துகளை எல்லாம் மழை அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது வெறும் மணலும், பாறையும், பாசியும்தான். மண்ணில் கிடைக்காத சத்தை அது பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

பல லட்சம் ஆண்டுகளாகச் சத்தில்லாத இடத்தில் வாழ்ந்து பழகிய வேர் அது. அந்த வேரில் நாம் உரத்தைக் கொட்டினால் கருகிவிடும். வேர் வழியாகவே சத்து கிடைத்துவிட்டால் செடி குடுவை கட்டுவதையும் குறைத்துக்கொள்ளும். உழைக்காமலே சம்பளம் கிடைத்தால் யார்தான் வேலைக்குப் போவார்கள்?

வழுக்கும் வாசல்

குடுவையின் வாயைச் சுற்றி, தடித்த வளையம் ஒன்று இருக்கிறது. கையில் பூதக்கண்ணாடி இருந்தால் வைத்துப் பாருங்கள். அதில் வரிவரியாக மெல்லிய பள்ளங்கள் தெரியும். அங்கேயும் தேன் சுரக்கும். தேனைத் தேடி எறும்பு வரும்.

வளையம் காய்ந்திருக்கும்போது எறும்பு ஒய்யாரமாக நடந்து போய்த் தேனைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். ஆனால், மழையோ பனியோ பட்டு வளையம் நனைந்துவிட்டால் கதையே வேறு! ஈரமான வழவழப்புத் தரையில் நாம் சறுக்கி விழுவது போல எறும்பு உள்ளே விழுந்துவிடும். ஹோல்கர் போன், வால்டர் பெடர்லே என்ற இரு ஆய்வாளர்கள் இதை 2004-ஆம் ஆண்டில் சோதனை செய்து காட்டினார்கள்.

அப்படியென்றால் காய்ந்திருக்கும் நேரமெல்லாம் செடிக்கு நஷ்டம்தானே? இல்லை. உல்ரிக் பாவர் என்ற ஆய்வாளரின் குழு 2015-இல் இதற்கு விடை சொன்னது. முதலில் வரும் எறும்பு, உணவு இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போகும் ஒற்றன். அது உயிரோடு திரும்பிப் போனால், தன் கூட்டத்தையே அழைத்து வரும். அந்த நேரத்தில் வளையம் நனைந்தால், ஒன்றுக்குப் பதிலாகப் பல எறும்புகள் கிடைக்கும்!

உள்ளே விழுந்த எறும்பு மேலே ஏற முடியாது. குடுவையின் உட்சுவரில் மெழுகு பூசியது போல இருக்கும். அடியில் இருக்கும் திரவத்தில் மூழ்கி எறும்பு இறந்துவிடும். நம் வயிற்றில் இருப்பது போல அந்தத் திரவத்திலும் செரிக்க வைக்கும் நொதிகள் உண்டு. எறும்பின் சத்து கரைந்து செடிக்குப் போய்ச் சேரும்.

இந்த வழுக்கும் வாசலைப் பார்த்து, எதுவுமே ஒட்டாத புதுவகைப் பரப்பு ஒன்றை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோவன்னா ஐசன்பெர்க் குழுவினர் 2011-ஆம் ஆண்டில் உருவாக்கினார்கள். ஒரு குட்டிச் செடி விஞ்ஞானிகளுக்கே ஆசிரியராகிவிட்டது!

சொந்த ஊர் எது?

உலகில் 160-க்கும் மேற்பட்ட குடுவைச் செடி இனங்கள் இருக்கின்றன. போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் தீவுகளில்தான் அதிகம். போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் 'ராஜா' என்ற இனத்தின் குடுவையில் 3 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். நம் பக்கத்து நாடான இலங்கையின் தென்மேற்குப் பகுதியில் ஓர் இனம் இருக்கிறது. அது உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை.

இந்தியாவுக்கே உரிய குடுவைச் செடி ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் நெப்பந்தஸ் காசியானா. மேகாலயா மாநிலத்தின் காசி, காரோ, ஜெயந்தியா மலைகள்தான் அதன் வீடு. காரோ மக்கள் அதை 'மேமாங் கோக்சி' என்கிறார்கள். 'பேயின் கூடை' என்று பொருள்! அங்கே பாக்மாரா என்ற ஊருக்கு அருகில் இந்தச் செடிக்கென்றே ஒரு மிகச் சிறிய சரணாலயம் இருக்கிறது.

யானைக்கும் புலிக்கும் சரணாலயம் சரி, ஒரு செடிக்கு எதற்கு? நிலக்கரிச் சுரங்கங்களாலும், காடுகளை அழிப்பதாலும், விற்பதற்காகப் பிடுங்கிக்கொண்டு போவதாலும் இந்தச் செடி அருகிப் போய்விட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. காட்டிலிருந்து இதைப் பிடுங்குவது குற்றம்.

ஆகவே, நாம் முதல் உறுதிமொழி எடுத்துக்கொள்வோம். காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடியை வாங்கவே கூடாது. மேகாலயாவுக்குச் சுற்றுலா போகும்போது சாலையோரத்தில் யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். நாம் வாங்கினால்தானே அவர்கள் பிடுங்குவார்கள்? நம் நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் பனித்துளி போல மின்னும் ட்ரொசீரா என்ற குட்டிப் பூச்சி பிடிக்கும் செடி இருக்கிறது. அதையும் குனிந்து பார்த்து ரசியுங்கள். கையால் பிடுங்காதீர்கள்.

எதை வாங்குவது?

நர்சரியில் வளர்த்த கலப்பினச் செடியை வாங்குங்கள். 'வென்ட்ரேட்டா' என்ற கலப்பினம் பரவலாகக் கிடைக்கிறது. இதன் பூர்வீகம் பிலிப்பைன்ஸ். கொஞ்சம் வெயில், கொஞ்சம் குளிர் இரண்டையும் தாங்கும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதுதான் ஏற்றது. நர்சரிக்காரரிடம், "இது நர்சரியில் உண்டாக்கிய செடியா, வெளியிலிருந்து கொண்டு வந்ததா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

குடுவைச் செடிகளில் மலை உச்சியில் வாழ்பவை, சமவெளியில் வாழ்பவை என்று இரண்டு வகை உண்டு. மலை உச்சி இனங்களுக்கு இரவில் நல்ல குளிர் வேண்டும். மதுரையிலும் சென்னையிலும் அவை பிழைப்பது கடினம். சமவெளி இனங்களுக்கும் கலப்பினங்களுக்கும் நம் ஊர் தட்பவெப்பம் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

வாங்கும் காலமும் முக்கியம். சித்திரை, வைகாசி வெயிலில் வாங்க வேண்டாம். காற்றில் ஈரம் இருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம்தான் குட்டிச் செடி புது வீட்டில் காலூன்றச் சரியான காலம்.

தண்ணீர்: இதில்தான் உயிரே இருக்கிறது

உங்கள் வீட்டு வாளியின் உட்புறத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அது தண்ணீரில் இருக்கும் உப்பு. நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரில் பெரும்பாலும் உப்பு அதிகம். வேம்பும் வாழையும் அதைச் சமாளித்துக்கொள்ளும். மழை நீரிலேயே வளர்ந்த குடுவைச் செடி சமாளிக்காது. உப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வேரைக் கெடுத்துவிடும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இரண்டு ஸ்பூன் ஆழ்குழாய்த் தண்ணீர், மற்றதில் இரண்டு ஸ்பூன் மழை நீர் விட்டு வெயிலில் வையுங்கள். நீர் முழுதும் வற்றிய பிறகு பாருங்கள். ஒரு தட்டில் வெள்ளைக் கறை நன்றாகத் தெரியும். மற்றதில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. குடுவைச் செடி எந்தத் தண்ணீரைக் கேட்கிறது என்று அந்தத் தட்டே சொல்லிவிடும்.

மழை நீர்தான் முதல் தரம். மழை பெய்யத் தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து, திறந்த வெளியில் சுத்தமான வாளியை வைத்துப் பிடியுங்கள். பாட்டில்களில் ஊற்றி மூடி வையுங்கள். திறந்து வைத்தால் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும், எச்சரிக்கை! மழை இல்லாத மாதங்களில், வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தலாம். சில இயந்திரங்கள் சுவைக்காகத் தாது உப்புகளைத் திரும்பவும் சேர்க்கும். உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 50-க்குக் கீழே இருந்தால் நல்லது. இரண்டும் கிடைக்காவிட்டால் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரை வாங்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் மட்டும் உப்பு போய்விடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். தொட்டியின் அடித்துளை வழியாக நீர் வடிய வேண்டும். தொட்டியில் இருப்பது எப்போதும் ஈரமாக இருக்கட்டும், சொதசொதவென்று இருக்க வேண்டாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள், வேர் அழுகிவிடும். தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் ஈரம் இருக்கிறது. லேசாகிவிட்டால் தண்ணீர் கேட்கிறது.

மண்ணே வேண்டாம்!

தோட்டத்து மண், செம்மண், எரு, மண்புழு உரம் ஆகிய எதுவும் கூடாது. 'ஸ்பாக்னம்' என்ற உலர்ந்த பாசியை நர்சரிகளில் விற்கிறார்கள். அதில் இரண்டு பங்கு, வெள்ளை வெள்ளையாக இருக்கும் 'பெர்லைட்' ஒரு பங்கு சேர்த்து நிரப்புங்கள். பாசி ஈரத்தைப் பிடித்து வைக்கும், பெர்லைட் காற்றுக்கு இடம் கொடுக்கும். பெர்லைட்டின் தூசு மூக்கில் ஏறாமல் இருக்க, முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பிறகு கலக்குங்கள். கலந்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பாசி கிடைக்காவிட்டால் தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்தலாம். ஆனால், அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடியும் ஊறவைத்துப் பிழிந்து, பலமுறை அலசிய பிறகே தொட்டியில் போட வேண்டும்.

குட்டிச் செடிக்கு 8 முதல் 10 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் தொட்டி போதும். அடியில் துளைகள் இருக்க வேண்டும். மண் தொட்டி அழகாக இருந்தாலும், அதன் சுவரில் உப்பு படிந்துகொண்டே வரும். இந்த ஒரு செடிக்கு மட்டும் பிளாஸ்டிக்கே இருக்கட்டும்.

வெளிச்சமும் ஈரக் காற்றும்

கிழக்குப் பார்த்த சன்னல் அல்லது பால்கனி இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். காலை இளவெயில் ஒன்றிரண்டு மணி நேரம் படலாம். அதன் பிறகு நல்ல வெளிச்சமான நிழல் வேண்டும். உச்சிவெயில் கூடவே கூடாது. இருட்டான அறையில் மேசை மேல் வைத்தாலும் பயனில்லை. இலை மட்டும் கரும்பச்சையாக நீண்டு வளரும், குடுவை வராது. இலையில் பழுப்பாகக் கருகிய திட்டுகள் தெரிந்தால் வெயில் அதிகம் என்று பொருள். இலையே உங்களிடம் பேசும், கவனியுங்கள்.

காற்றில் ஈரம் குறைந்தால் குடுவை கட்டத் தொடங்கிய மொட்டு மிளகு அளவிலேயே காய்ந்துவிடும். குட்டிச் செடிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. பெரிய தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகத்தைப் பெரியவர்களைக் கொண்டு வெட்டி எடுங்கள். மேல் பாகத்தைக் கவிழ்த்துச் செடிக்குக் கூடாரமாக வையுங்கள். பாட்டிலின் மூடியைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் புதுக் காற்று போய்வரும்.

ஒரு வாரம் கழித்து மூடியை எடுத்தேவிடுங்கள். அடுத்த வாரம் பாட்டிலைத் தினமும் சில மணி நேரம் எடுத்து வையுங்கள். மூன்று, நான்கு வாரங்களில் செடி நம் வீட்டுக் காற்றுக்குப் பழகிவிடும். கூடாரத்துக்குள் இருக்கும் செடியை வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே வெப்பம் ஏறி, செடி வெந்துவிடும்.

சாப்பாடு யார் போடுவது?

இதற்குத்தான் எல்லோரும் ஆசைப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பால்கனியில் இருக்கும் செடிக்கு நீங்கள் சாப்பாடு போட வேண்டியதே இல்லை. எறும்புகளை அதுவே பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் வைத்தால், மாதம் ஒரு முறை ஒரு குடுவைக்குள் ஒரு செத்த எறும்போ, கொசுவோ போடுங்கள். அது போதும்.

சோற்றுப் பருக்கை, பால், முட்டை, கறித்துண்டு எதுவும் போடக் கூடாது. குட்டிக் குடுவையால் அதைச் செரிக்க முடியாது. உள்ளேயே அழுகி நாறும், குடுவையும் அழுகிவிடும். பெரிய கரப்பான்பூச்சியைத் திணிக்கவும் கூடாது. உயிருள்ள பூச்சிகளைப் பிடித்துப் போட்டு வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம். செடி பசிக்காகப் பிடிக்கிறது, நாம் விளையாட்டுக்குப் பிடிக்கலாமா?

குடுவைக்குள் இருக்கும் திரவத்தைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். கடையிலிருந்து கொண்டு வரும்போது கொட்டிப்போய்விட்டால், மழை நீரைக் குடுவையின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக விடுங்கள். மூடியிருக்கும் குடுவையைப் பிரித்துப் பார்க்காதீர்கள். தானாகத் திறக்கட்டும்.

ஐயோ, குடுவை காய்கிறதே!

செடியை வாங்கி வந்த சில வாரங்களில், இருக்கும் குடுவைகள் மேலிருந்து பழுப்பாகிக் காயலாம். அழாதீர்கள்! இடம் மாறியதால் வரும் அதிர்ச்சி அது. வேறு பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் உங்களுக்கு எப்படி இருந்தது? அப்படித்தான் செடிக்கும்.

இந்த நேரத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். உரம் போடுகிறார்கள். இடத்தை மாற்றுகிறார்கள். தொட்டியை மாற்றுகிறார்கள். இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒன்றும் செய்யாதீர்கள். செடியின் நடுவில் மட்டும் பாருங்கள். அங்கே புதிய இலை ஒன்று சுருண்டு நிமிர்ந்தால் செடி நலமாக இருக்கிறது.

ஓர் இலையில் ஒரே ஒரு குடுவைதான் வரும். அது காய்ந்துவிட்டால் அதே இலையில் மறுபடி வராது. அதனால் காய்ந்த குடுவையை மட்டும் நறுக்கிவிட்டு, பச்சையாக இருக்கும் இலையை விட்டுவையுங்கள். செடிக்கு உணவு தயாரிக்கும் சமையலறை அந்த இலைதான்.

நீங்கள் கேட்பீர்கள், நான் சொல்கிறேன்

வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகள் இவை.

விரலை விட்டால் கடித்துவிடுமா?
கடிக்காது. குடுவைக்குப் பல் இல்லை, மூடியும் அசையாது. ஆனாலும் விரலை விட வேண்டாம், குடுவைதான் காயப்படும்.

வீட்டில் இருக்கும் கொசு எல்லாம் ஒழிந்துவிடுமா?
ஒழியாது. அது அதிகம் பிடிப்பது எறும்பைத்தான். காட்டில் சில வகைக் கொசுக்களின் புழுக்கள் குடுவைத் திரவத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துகின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! கொசுவுக்கு, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதுதான் மருந்து.

பூச்சியே கிடைக்காவிட்டால் செத்துவிடுமா?
உடனே சாகாது. சூரிய ஒளி இருக்கும்வரை உணவு தயாரித்துக்கொள்ளும். வளர்ச்சி மட்டும் மெதுவாக இருக்கும்.

பூ பூக்குமா?
வளர்ந்த பிறகு பூக்கும். அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டும் இருந்தால்தான் விதை கிடைக்கும்.

எவ்வளவு உயரம் வளரும்?
இது கொடி வகை. பெரிதானதும் பற்றி ஏறும். அப்போது கீழே ஒரு வடிவத்திலும், மேலே வேறு வடிவத்திலும் குடுவைகள் வரும். இரண்டும் ஒரே செடிதானா என்று சந்தேகமே வந்துவிடும்!

நெப்பந்தஸ் என்றால் என்ன பொருள்?
சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1700-களில் வைத்த பெயர் இது. பழைய கிரேக்கக் காவியமான ஒடிசியில், துயரத்தை மறக்கச் செய்யும் மருந்து ஒன்றுக்கு இந்தப் பெயர் வருகிறது. நெடுந்தூரம் நடந்து களைத்த தாவரவியலாளர் இந்தச் செடியைக் கண்டால் பட்ட பாட்டை எல்லாம் மறந்துவிடுவார் என்று அவர் நினைத்தார்.

ஒரு நோட்டுப் போடுங்கள்

செடி வந்த நாளிலிருந்து ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். எத்தனை இலைகள், எத்தனை குடுவைகள், புதிய இலையின் நீளம் எத்தனை செ.மீ. என்று எழுதுங்கள். நூல் முனையில் மொட்டு தெரிந்த தேதி, மூடி திறந்த தேதி இரண்டையும் மறக்காமல் குறியுங்கள். பக்கத்தில் பென்சிலால் படம் வரையுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். எறும்பு வரும் குடுவையைத் தள்ளி நின்று பத்து நிமிடம் பாருங்கள். எத்தனை எறும்புகள் வந்தன, எத்தனை விழுந்தன என்று எண்ணுங்கள். மறுநாள் அதே நேரத்தில் குடுவையின் வளையத்தில் மழை நீரை லேசாகத் தெளித்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். விஞ்ஞானிகள் பார்த்ததை உங்கள் பால்கனியில் நீங்களே பார்ப்பீர்கள்.

கடைசியாக ஒன்று. வாங்கி வரும்போது செடியில் தொங்கும் குடுவைகள் எல்லாம் நர்சரிக்காரரின் உழைப்பு. அவற்றைக் காட்டி நாம் பெருமைப்பட முடியாது. உங்கள் வீட்டு வெளிச்சத்தில், நீங்கள் பிடித்து வைத்த மழை நீரில், ஒரு புதிய இலை விரிந்து, அதன் நுனி நீண்டு, மொட்டு தடித்து, ஒரு நாள் காலையில் மூடி திறந்து நிற்குமே, அந்தக் குடுவைதான் உங்களுடையது. அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை உரமும் போடாமல், சோறும் ஊட்டாமல், தினமும் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க உங்களால் முடியுமா?

முடியும் என்றால், வருகிற மழைக்காலத்துக்கு ஒரு சுத்தமான வாளியை இப்போதே எடுத்து வையுங்கள்!